பெப்ரவரிக்காரரும் மல்லாவிச் சைக்கிளும்

எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான அறையின் பின்சுவரில், ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் அந்த மாதம் பிறந்த விஞ்ஞானிகளின் பெயர்களைப் பிள்ளைகள் எழுதி ஒட்டுவார்கள். பழைய கலண்டர்த் தாள்களின் வெள்ளைப் பக்கம்தான் அட்டை. பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர், செய்த வேலை, அவ்வளவும் போதும். பெப்ரவரி வந்தால் சுவர் காணாது. 4ஆம் திகதி கிளைட் டோம்போ, 6 மேரி லீக்கி, 8 மெண்டலீவ், 11 எடிசன், 12 டார்வின், 15 கலிலியோ, 17 லெனெக், 18 வோல்டா, 19 கொப்பர்னிக்கஸ், 22 ஹேர்ட்ஸ். இருபத்தெட்டு நாள் மாதத்துக்குள் இவ்வளவு பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரே அதிசயம்.

“ரீச்சர், பெப்ரவரியில பிறந்தா மூளை கூடவோ?” என்று தரம் எட்டில் ஒரு பொடியன் கேட்டான். அவனும் பெப்ரவரிதான். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

கூட இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உலகத்தில் பேர்பெற்ற விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், மாதங்கள் பன்னிரண்டுதான். எந்த மாதத்தை எடுத்தாலும் சுவர் நிறையும். டிசம்பரில் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் இருக்கிறார். நவம்பரில் இன்னும் வேடிக்கை: மேரி கியூரியும் சி. வி. இராமனும் இருபத்தொரு வருட இடைவெளியில் ஒரே 7ஆம் திகதி பிறந்தவர்கள். திகதியே நிலையானதும் அல்ல. ஆவர்த்தன அட்டவணை தந்த மெண்டலீவ் பிறந்தபோது ரஷ்யாவில் பழைய நாட்காட்டி. அவருடைய வீட்டார் எழுதி வைத்தது 1834 ஜனவரி 27. இன்றைய கணக்கில்தான் அது பெப்ரவரி 8. எங்கள் பஞ்சாங்கத்தைப் பிடித்தால் மெண்டலீவ் தை மாதம், வோல்டா மாசி மாதம். கூட்டமே குலைந்துவிடும்.

பிறந்த திகதி என்பது வட இலங்கையின் வன்னியில் சும்மா ஒரு விபரம் இல்லை. இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பலர் 2009 யுத்தத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள். பிறகு நடமாடும் சேவைகளில் வெயிலுக்குள் வரிசையில் நின்று, தாங்கள் பிறந்ததை நிரூபித்தவர்கள். சில வீடுகளில் எல்லாம் போய் சாதகக் கொப்பி மட்டும் மிஞ்சியது. அதனால் கொப்பர்னிக்கஸின் திகதி எப்படிக் கிடைத்தது என்ற கதையை எங்கள் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். 1473இல் போலந்தின் டோருன் நகரில் அவர் பிறந்த நாள் தெரியவந்ததும் ஒரு சாதகக் குறிப்பிலிருந்துதான். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியவருடைய பிறந்தநாளைக் காத்துத் தந்தது சோதிடம்! கலிலியோவுக்குப் பதிவு இருக்கிறது. பீசா நகரில் 1564 பெப்ரவரி 19இல் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் தன் பெண்பிள்ளைகளுக்குச் சாதகம் கணித்தவர்.

பிறந்த மாதத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டும் நான் ஏன் இந்தச் சுவரை விடாமல் வைத்திருக்கிறேன்? பாடப்புத்தகத்தில் கொப்பர்னிக்கஸ் ஒரு அலகில், ஹேர்ட்ஸ் இன்னொரு அலகில், டார்வின் உயிரியலில். சுவரில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நின்றால் பிள்ளைகள் தொடுப்புத் தேடுகிறார்கள். கொப்பர்னிக்கஸ் 1543இல் அச்சிட்டுவிட்டுக் கண்மூடியதை, கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலவுகளைத் தொலைகாட்டிக்குள் கண்டு தாங்கிப் பிடிக்கிறார். இரண்டு அட்டைக்கும் இடையில் ஒரு பிள்ளை நூல் கட்டினாள். அடுத்த நூலை வோல்டாவிலிருந்து ஹேர்ட்ஸுக்குக் கட்டினாள். அந்த நூலைப் பார்த்தபோது நான் பேசத் தொடங்கினேன். இரண்டு பாடவேளை போய்விட்டது.

ஏனென்றால், இந்த இரண்டு பேரையும் வன்னி அறிந்த மாதிரி வேறு ஊர்கள் அறிந்திருக்குமோ தெரியவில்லை.

1990களில், யுத்த காலத்தில், வன்னிக்குள் கொண்டுவரக் கூடாதென்று தடுத்த பொருட்களில் பற்றறியும் ஒன்று. றேடியோவுக்கும் ரோச்சுக்கும் போடுகிற சாதாரணப் பற்றறிதான். ஒரு சோடி பற்றறி வைத்திருந்தவர் பணக்காரர். செத்த பற்றறியை எறிய மாட்டோம். வெயிலில் காயப்போட்டு, திரும்பப் போட்டு, இரண்டு நிமிடம் செய்தி கேட்டு, பிறகும் காயப்போடுவோம். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்தபோது எங்கள் குடும்பத்திடம் ஒரு றேடியோ இருந்தது. அதற்குள் போட ஒன்றும் இல்லை.

வோல்டா 1745இல் வட இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தவர். இறந்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்ட கல்வானி, மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்றார். வோல்டா ஏற்கவில்லை. இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம், அதுதான் காரணம், தவளை வெறும் ஈரம்தான் என்று நின்றார். அதை நிறுவத் தவளையை எடுத்துவிட்டு உப்புத் தண்ணீரில் நனைத்த மட்டையை வைத்தார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நனைந்த மட்டை, திரும்ப வெள்ளி, துத்தநாகம், மட்டை என்று அடுக்கிக்கொண்டே போனார். 1800 மார்ச் 20இல் இலண்டன் றோயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் மின்சாரம் என்றால் உரஞ்சி எடுக்கிற ஒரு பொறி. சட்டென்று பாய்ந்து முடிந்துவிடும். தொடர்ந்து ஓடுகிற மின்னோட்டம் மனிதர் கைக்கு வந்தது அந்த அடுக்கோடுதான்.

அவரைப் பற்றி நான் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்கிற கதை இன்னொன்று. 1776இல் மாஜோரே ஏரிக்கரையில் சேற்றைத் தடியால் கிண்டிவிட்டு, மேலே வந்த குமிழிகளைப் போத்தலில் பிடித்து, நெருப்பு வைத்துப் பார்த்தார். பற்றியது. அது மெதேன். இரணைமடுக் குளத்தின் அலைகரையில், நீர் வற்றிய காலத்தில் சேற்றுக்குள் கால் வைத்த எந்தப் பிள்ளைக்கும் அந்தக் குமிழியைத் தெரியும். நாங்கள் எல்லோரும் கண்டது. போத்தலைக் கவிழ்த்துப் பிடிக்க அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஹேர்ட்ஸ் 1857இல் ஹம்பேர்க்கில் பிறந்தார். மின்காந்த அலை என்று ஒன்று இருக்க வேண்டும் என மக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கண்டவர் யாரும் இல்லை. கார்ல்ஸ்றூ நகரில் 1886க்கும் 1888க்கும் இடையில் ஹேர்ட்ஸ் அதைக் கண்டார். ஒரு பக்கத்தில் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவில் பொறி பாய வைத்தார். சற்றுத் தள்ளி, வாய் சேராத ஒரு கம்பி வளையம். கம்பி இரண்டையும் தொடுக்க இடையில் எதுவும் இல்லை. அறையை இருட்டாக்கிவிட்டு வளையத்தின் அந்தச் சின்ன இடைவெளியைப் பார்த்தால், அங்கேயும் ஒரு துளிப் பொறி. கம்பி இல்லாமலே வந்திருக்கிறது. 1894 புதுவருடத்தன்று, 36 வயதில் அவர் போய்விட்டார். றேடியோ என்று ஒரு பெட்டி பேசுவதை அவர் கேட்கவே இல்லை.

நாங்கள் கேட்டோம். மல்லாவியில் எங்கள் கொட்டிலுக்கு அருகே ஒரு சைக்கிள் திருத்துகிற மாமா இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை அணைத்துவிட்டு, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார். முதலில் பெட்டி உறுமியது, பேச்சு விளங்கவில்லை. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இந்தச் சொற்கள் எதுவும் அவருக்குத் தெரியாது. “ரெண்டு பக்கமும் ஓடுது, ஒரு பக்கமா ஓட வைக்கவேணும்” என்றார். பழுதாய்ப்போன ஒரு றேடியோவை உடைத்து நான்கு டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் கழற்றி இடையில் போட்டார். உறுமல் அடங்கியது. இரவில் பீபீசி தமிழோசை வந்தது. வெரித்தாஸ் வானொலி வந்தது. பெடியள் முறை வைத்து மிதிப்பார்கள். மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தாழ்ந்து போகும், கிழவர்கள் “மிதியடா தம்பி, மிதி!” என்பார்கள். அந்தச் செய்தியில் எங்கள் ஊரின் பெயர் வருமோ என்றுதான் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

இந்த இடத்தில் பெப்ரவரிச் சுவர் எனக்குப் போதவில்லை. வோல்டாவைத் தடை செய்தார்கள். அவர் இல்லாமல் ஹேர்ட்ஸின் அலையைக் கேட்க எங்களுக்கு வழி தந்தவர் மைக்கல் பரடே. அவர் செப்ரெம்பர் 22, 1791. கொல்லருடைய மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் படித்தவர். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் கண்டார். சைக்கிள் டைனமோவுக்குள் சுழலுகிற காந்தம் அதுதான். அந்தப் பிள்ளையிடம் சொன்னேன், நூலை சுவருக்கு வெளியே இழு என்று. அவள் யன்னல் கட்டையில் பரடேக்கு ஒரு அட்டை ஒட்டி, அங்கிருந்து ஹேர்ட்ஸுக்குக் கட்டினாள். இப்போது ஒவ்வொரு பெப்ரவரியும் யன்னல் பக்கத்தில் அவர் இருக்கிறார்.

எடிசனுக்கு வருகிறேன். அவரைப் பிள்ளைகள் முன்பே அறிந்திருக்கிறார்கள், 1,093 அமெரிக்கக் காப்புரிமை என்பது மனப்பாடம். மின்குமிழை அவர் தனியாக வெறுங்கையில் படைத்ததாகச் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. இங்கிலாந்தில் ஜோசப் சுவான் அதே வேலையில் இருந்தார், வேறு பலரும் முயன்றார்கள். எடிசனின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. எரியும் இழைக்கு எது நல்லது என்று அவர் தேடிய விதம். 1879இல் கரியாக்கிய பருத்தி நூல். 1880இல் ஆய்வுகூட மேசையில் கிடந்த ஓர் ஓலை விசிறியின் விளிம்பில் கட்டியிருந்த மூங்கில் சீவலைக் கழற்றிக் கரியாக்கிப் பார்த்தார்; நன்றாக எரிந்தது. அதன்பிறகு மூங்கில் தேடி உலகமெங்கும் ஆள் அனுப்பினார். ஜப்பானின் கியோட்டோவுக்கு அருகே விளைந்த மூங்கில் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது.

அதோடு தேடல் நிற்கவில்லை. 1888இல் நியூஜேர்சியின் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அனுப்பினார். பெயர் ஜேம்ஸ் றிக்கல்டன். அவர் வந்து இறங்கி மூங்கில் தேடிய நாடுகளில் ஒன்று இலங்கை. பிறகு இந்தியா, பர்மா என்று போனார். பிற்காலத்தில் உலகம் சுற்றிய புகைப்படக்காரராகப் பெயர் எடுத்தார். எடிசனின் குமிழுக்கு இழை தேடி எங்கள் தீவுக்கு ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோசம். அந்தச் செய்தியை எடிசனின் அட்டையில் சிவப்பு மையால் எழுத வைத்திருக்கிறேன்.

எங்களுக்குக் குமிழ் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு இருந்தது. அடியில் பஞ்சு, அதில் ஊற நாலைந்து துளி மண்ணெண்ணெய், பற்பசைக் குழாயின் தகரத்தை வெட்டிச் செய்த திரிப்பிடிக்குள் மெல்லிய திரி. போத்தலே சிம்னி, காற்றில் அணையாது. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதைவிடச் சிக்கனமாக வெளிச்சம் எடுக்க முடியாது. அந்த வெளிச்சத்தில் படித்து உயர்தரம் எழுதி வைத்தியரானவர்களும் பொறியியலாளரானவர்களும் இருக்கிறார்கள். அதை முதலில் செய்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. காப்புரிமை எடுக்க அலுவலகமும் இருக்கவில்லை. ஆனால் எண்ணெய் எவ்வளவு, திரி எவ்வளவு தடிப்பு, போத்தலின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் இருந்து பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். நான் அந்த வேலையை எடிசனின் வேலையோடு ஒரே சுவரில் வைப்பேன். வைத்திருக்கிறேன். பெயர் என்ற இடத்தில் “தெரியாது” என்றும், ஊர் என்ற இடத்தில் “வன்னி” என்றும் எழுதி ஒட்டியிருக்கிறோம். பிறந்த திகதி வெற்றிடம்.

“இதில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ ரீச்சர்?” என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். இராமனைச் சொல்வேன். அவர் நவம்பரில் பிறந்தாலும் அவருடைய கண்டுபிடிப்புப் பிறந்தது 1928 பெப்ரவரி 28. இந்தியாவில் அந்த நாளைத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வெற்றிட அட்டையைக் காட்டுவேன். இராமனைவிட அதற்குத்தான் கேள்விகள் கூட வருகின்றன. வீட்டில் போய்க் கேட்கிறார்கள். “எங்கட அப்பா மோட்டர்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினவராம்” என்று வந்து சொன்ன பிள்ளையிடம், எப்படி ஸ்ராட் செய்தவர் என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். பிளக்கடியில் ஒரு துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். ஏன் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது? அன்றைய ஆவியாதல் பாடத்தை அந்த அப்பாதான் நடத்தினார்.

பெட்டைகள் கேட்பது வேறு: “எல்லாம் ஆம்பிளையளோ?” அதற்காகவே மேரி லீக்கியை 6ஆம் திகதிக்குப் பெரிய எழுத்தில் போடுகிறோம். பள்ளிக்கூடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர், பட்டம் எதுவும் படிக்காதவர், படம் கீறும் திறமையால் தொல்லியலுக்குள் நுழைந்தவர். தன்சானியாவின் லேற்றோலியில் அவருடைய குழு 1978இல் கண்டெடுத்த காலடித் தடங்கள் முப்பத்தாறு இலட்சம் வருடம் பழையவை. எரிமலைச் சாம்பலில் நடந்துபோனவர்களின் தடம். இதைச் சொல்லும்போது வகுப்பு அப்படியே அடங்கிவிடும்.

லெனெக் ஒரு மருத்துவர். 1816இல் நோயாளியின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்டு ஒரு கொத்துத் தாளைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அங்கே தொடங்கியது. கொப்பித் தாளைச் சுருட்டிப் பக்கத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்டுப் பார்க்க விட்டால் பாடம் முடிந்தது. டார்வினைப் பற்றி இங்கே ஒரு பந்தியில் சொல்வது அநியாயம், தனியாக எழுதவேண்டும்.

கமக்காரப் பிள்ளைகளுக்கு என் மனதுக்குள் நான் வைத்திருப்பவர் டோம்போ. 1906இல் பிறந்து அமெரிக்காவின் கன்சாஸில் தோட்டத்தில் வளர்ந்தவர். ஆலங்கட்டி மழை ஒரு வருட விளைச்சலை அழித்ததால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. கண்ணாடியைத் தானே தீட்டினார். பழைய காரின் பாகங்களையும் பாலாடை பிரிக்கும் இயந்திரத்தின் பாகங்களையும் சேர்த்துத் தொலைகாட்டி கட்டினார். அதால் பார்த்துக் கீறிய செவ்வாய், வியாழன் படங்களை லோவல் வான் ஆய்வகத்துக்கு அனுப்ப, வேலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். 1930 பெப்ரவரி 18, வோல்டாவின் பிறந்தநாளன்று, சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தகடுகளை மாற்றி மாற்றிப் பார்க்கையில் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதைக் கண்டார். அது புளூட்டோ. அப்போது அவருக்கு 24 வயது. மழை பிந்தி நெல்லை அழித்த வருடத்தில் படிப்பை விட யோசிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரையாக இதை நான் சொல்வதில்லை. தொலைகாட்டி எப்படிக் கட்டினார் என்பதை மட்டும் விபரமாகச் சொல்வேன்.

18ஆம் திகதிக்கு நாங்கள் வோல்டாவின் அடுக்கைச் செய்வது வழக்கம். துத்தநாகத்துக்குக் கூரைத் தகரம்; அதன் மேற்பூச்சு துத்தநாகம்தான். மீள்குடியேறிய காலத்துத் தற்காலிக வீடுகளின் தகரம் இன்னும் எல்லா வளவிலும் கிடக்கிறது. வெள்ளிக்குப் பதில் செம்பு, வீட்டு வயறிங்கில் மிஞ்சிய கம்பியைத் தட்டித் தகடாக்கியது. உப்பு ஆனையிறவு உப்பு. மட்டைக்குப் பழைய துணி. செய்யத் தொடங்கும் முன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நிலத்தில் கிடக்கிற, மண்ணுக்குள் தெரிகிற எந்த உலோகத்தையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது, காலால் தட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, கண்டால் பெரியாட்களிடம் சொல்ல வேண்டும். செம்பும் பித்தளையும் தேடப் போய் வெடிபொருளில் கையை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். வேறு ஊர் விஞ்ஞான வாத்தியார்மாருக்கு இந்த வசனம் தேவைப்படாது. எனக்கு அதுதான் முதலாவது பாடம்.

ஒரு சோடித் தகட்டுக்குக் கிட்டத்தட்ட முக்கால் வோல்ற் வரும். நான்கு சோடி அடுக்கினால் மானியில் மூன்று வோல்ற் அளவு காட்டும். சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. எரியும். எரிந்தவுடன் வகுப்பில் வருகிற கூச்சல் அதிபரின் அறைவரை கேட்கும்.

இந்த வருடம், நூல் கட்டிய அதே பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், றேடியோவுக்கும் மூண்டு வோல்ற்தானே. இதில றேடியோ பாடுமோ?” கொடுத்துப் பார்த்தோம். பாடவில்லை; மானியின் முள் படுத்துவிட்டது. வோல்ற்றளவு இருக்கிறது, ஓட்டம் காணாது. எல்.ஈ.டி. துளி ஓட்டத்தில் எரியும், றேடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஓட்டத்தைக் கூட்ட என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒருத்தி துணியை மெல்லியதாக்கலாம் என்றாள். இன்னொருவன் உப்பைக் கூட்டலாம், தேசிக்காய்ப் புளியும் விடலாம் என்றான். அவள் மட்டும் தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தகடு காணாது, சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வேணும்” என்றாள். பரப்பளவு கூடினால் உள்தடை குறையும் என்று நான் இன்னும் படிப்பிக்கவில்லை. அவ்வளவு பெரிய செம்புத் தகட்டுக்கு எங்கே போவது என்பதுதான் இப்போது எங்கள் பிரச்சினை. ஓட்டை விழுந்த பழைய செம்பு அண்டா ஒன்று தங்கள் அம்மம்மாவிடம் இருப்பதாக ஒரு பொடியன் சொல்லியிருக்கிறான். அம்மம்மா வெட்ட விடுவாவோ என்று கேட்டுவரப் போயிருக்கிறான்.